மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்: ஃபைபர்கிளாஸ் டிரெய்லரும் சீலன்ட் தேர்வும்

ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் ஒழுகவே ஒழுகாது என்று விற்கிறவர்களும் சொல்கிறார்கள், வாங்குகிறவர்களும் சொல்கிறார்கள். பாதி உண்மை. காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்கிக்கொள்கிற சாதாரண கேம்பிங் டிரெய்லருக்கு மரச்சட்டம் அடித்து, மேலே அலுமினியத் தகடோ மெல்லிய பலகையோ பொருத்தி, கூரைக்கு ரப்பர் விரித்து, ஓரங்களைப் பட்டி வைத்து மூடுகிறார்கள். எத்தனை ஓரமோ தண்ணீருக்கு அத்தனை வாசல். முட்டை வடிவத்தில் வருகிற ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் வேறு ரகம். படகு செய்கிற அதே முறையில், அச்சுக்குள் கண்ணாடியிழையும் ரெசின் என்ற பிசினும் அடுக்கி மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று என்று வார்த்து, இரண்டையும் இடுப்பில் சேர்க்கிறார்கள். கூரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. வெறும் ஓடு மட்டும் என்றால் நாள் முழுக்க மழையில் நின்றாலும் ஒரு சொட்டு உள்ளே வராது.

வருவதெல்லாம் நாம் போட்ட துளைகளின் வழியாக. கூரையில் காற்றுப் போக்கியான வென்ட்டுக்காக 14 அங்குலச் சதுரத்தில் ஒரு வெட்டு. நாலைந்து ஜன்னல். ஒரு கதவு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காற்று போக ஒரு ஜாலி, ஹீட்டர் புகைக்கு ஒரு வாய், தண்ணீர் நிரப்ப ஒரு மூடி, மின்கம்பி நுழைய இன்னொன்று, முன்னாலும் பின்னாலும் சின்னச் சின்ன விளக்குகள். இத்தனையும் போதாதென்று, உள்ளே தொங்கும் அலமாரிகளைத் தாங்குவதற்காக வெளியிலிருந்து துளைத்து அடித்த பாப் ரிவெட்டுகள் என்ற உலோக ஆணிகள் வரிசை வரிசையாக. பலர் இந்த ரிவெட்டுகளை எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த வண்டிகளின் கதை கனடாவில் தொடங்குகிறது. வின்னிபெக் நகரில் ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க் செய்துகொண்டிருந்த ரே ஒலெக்கோ, அதே வேலைமுறையில் ஒரு குடும்பம் படுத்துறங்கும் அளவுக்கு டிரெய்லர் செய்யலாமே என்று இறங்கி, 1968-ல் 13 அடி நீளமுள்ள போலர் டிரெய்லரைக் கொண்டுவந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வேலை எல்லை தாண்டி நாங்கள் இருக்கும் மினசோட்டாவுக்கு வந்தது. பேக்கஸ் என்ற சின்ன ஊரில் ஸ்கேம்ப் பிறந்தது. டெக்சாஸில் 1983-ல் கசீட்டா வந்தது. எங்கள் வீட்டு வாசலில் நிற்பதும் இந்த வம்சத்தில் வந்த ஒரு பழைய வண்டிதான்.

அந்தக் காலத்து வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. ஓட்டுக்கு அரை நூற்றாண்டு பெரிய வயசில்லை. ஆனால் துளைகளின் ஓரத்தை அடைக்கிற சீலன்ட் எதுவும் வெளியே நின்று அத்தனை காலம் தாங்காது. வெயில், பனி, சாலையின் குலுக்கல் எல்லாம் சேர்ந்து அதை முடித்துவிடும். ஆகவே ஒரு வண்டியின் ஆயுளில் அதே ஜன்னலை யாராவது பல தடவை கழற்றி மாட்டியே ஆக வேண்டும். கடைக்குப் போகிறவர்கள் எது அதிக நாள் வரும், எது பலமாக ஒட்டும் என்று டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இது ஒரு நாள் தோற்கும்போது எப்படிக் கழன்று வரும்? என் தேர்வுகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான்.

சீலன்ட் பக்கம் போவதற்கு முன்னால், உள்ளே ஈரம் கண்டாலே ஒழுகல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அக்டோபர் மாதம் இட்டாஸ்கா ஏரிக்கரையில், மிசிசிப்பி ஆறு தொடங்குகிற இடத்தில், கதவு ஜன்னலை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு பேர் தூங்கிப் பாருங்கள். காலையில் கண்ணாடியில் தாரை தாரையாகத் தண்ணீர் வழியும். மெத்தையைத் தூக்கினால் அடியில் பிசுபிசுவென்று இருக்கும். அது வானத்திலிருந்து வந்ததில்லை. மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறி, குளிர்ந்த ஓட்டில் பட்டுத் தண்ணீரானது. கேஸ் அடுப்பில் காபி போட்டால் அதுவும் சேரும், ஏனென்றால் புரோபேன் எரிந்தால் நீராவி உண்டாகும். இதைப் பிரித்தறிவது சுலபம். மழையில்லாத குளிர் இரவுக்குப் பின் ஈரம் என்றால் அது மூச்சு. ஆளில்லாத வண்டிக்குள் மழைக்குப் பின் ஈரம் என்றால் அது ஒழுகல். முதலாவதற்கு மருந்து வென்ட்டைக் கொஞ்சம் திறந்து வைப்பது. எத்தனை டியூப் வாங்கிப் பூசினாலும் அது நிற்காது.

ஒழுகல்தான் என்று உறுதியான பிறகு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. சொட்டும் இடத்துக்கும் நுழையும் இடத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. இந்த வண்டிகளின் உட்சுவரில் பஞ்சு மாதிரியான விரிப்போ, நுரை ரப்பரோ ஒட்டியிருப்பார்கள். கூரையில் நுழைந்த தண்ணீர் அதற்குப் பின்னாலேயே வளைவைப் பிடித்து ஓடி, மூன்று நான்கு அடி தள்ளி, இருக்கைப் பலகைக்குக் கீழே வந்து எட்டிப் பார்க்கும். எங்களுக்குப் பின்பக்க மூலை மெத்தை நனைந்தது. அந்த மூலைக்கு நேர்மேலே ஒன்றுமேயில்லை, வழவழப்பான ஓடுதான்.

தோட்டத்துக் குழாயை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாத் துளையும் ஒரே நேரத்தில் நனைந்து எது குற்றவாளி என்று தெரியாது. முதலில் இடுப்புக்குக் கீழே, பிறகு ஜன்னலின் அடி, பக்கங்கள், தலை, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிஷமாவது நிற்க வேண்டும். அழுத்தம் வேண்டாம், மழை பெய்கிற மாதிரி வழிந்தால் போதும். நான் வெளியே, மனைவி உள்ளே டார்ச்சோடு.

“வந்துச்சா?”

“இல்லைங்க.”

“இப்ப?”

“இருங்க இருங்க... அலமாரிக்குள்ள என்னமோ மினுங்குது.”

அலமாரிக்குள் மினுங்கியது ஒரு ரிவெட்டின் பின்பக்கம். வெளியே போய் அதன் பிளாஸ்டிக் தொப்பியை நகத்தால் நெம்பி எடுத்தேன். உள்ளே ரிவெட்டின் நடுக்குழியில் ஒரு சொட்டுக் கறுப்புத் தண்ணீர் நின்றது. பாப் ரிவெட் அடிக்கும்போது நடுவிலுள்ள கம்பியை இழுத்து அறுப்பார்கள் இல்லையா, அந்தக் கம்பி நின்ற இடம் ஒரு குழாய். மேலே போடும் தொப்பி பார்வைக்கு மூடியிருக்குமே தவிர, தண்ணீரைத் தடுக்க அதனால் ஆகாது. அது வெயிலில் வெளிறி, விரிசல் விட்டு, மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கிண்ணமாகவே ஆகிவிடும். பின்பக்க மூலை நனைந்ததற்கு அந்த ஒரு குழாய் போதுமாக இருந்தது.

தனி ஆளாகச் செய்ய இன்னொரு முறை இருக்கிறது. ஒரு ஜன்னலில் அட்டை வெட்டிப் பொருத்தி, அதில் ஓட்டை போட்டு, இலை ஊதும் மோட்டாரை வைத்து உள்ளே காற்றை ஊத வேண்டும். மற்ற வாய்களையெல்லாம் டேப் போட்டு அடைத்துவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனால், கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும். தண்ணீர் நுழைகிற வாசலையே நேராகக் காட்டிவிடுவதால் எனக்கு இது குழாயைவிடப் பிடித்த முறை.

சரி, இடம் தெரிந்துவிட்டது. என்ன வைத்து அடைப்பது?

முதலில் சிலிக்கான். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹார்டுவேர் கடையில் முதலில் கைக்குக் கிடைப்பது அதுதான். எங்களுக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர்களில் யாரோ ஒருவர் ஜன்னல், விளக்கு, ரிவெட் என்று பார்த்த இடத்திலெல்லாம் சிலிக்கானை அப்பியிருந்தார். சிலிக்கான் மட்டமான பொருள் இல்லை. வெயிலைத் தாங்குவதிலும் சூடு குளிரைத் தாங்குவதிலும் அதற்கு ஈடு குறைவு. வீட்டுக் குளியலறையில், கண்ணாடி ஓரத்தில் அது ராஜா. அதன் குறை, அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது என்பதுதான். பாலியூரித்தேன் ஒட்டாது, பெயின்ட் ஒட்டாது, ஆறின பழைய சிலிக்கான்மேல் புதுச் சிலிக்கான்கூடச் சரியாக ஒட்டாது. உரித்து எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஓட்டில் தங்கிவிடும். ஃபைபர்கிளாஸின் மேல்தோலான ஜெல்கோட்டில் நுண்துளைகள் இருக்கும். அவற்றுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓரம் மட்டும் ஒரு மயிரிழை கிளம்பினால் போதும், தண்ணீர் அடியில் புகுந்து ஊர்ந்து போகும். மேலே பார்த்தால் பட்டை முழுசாகத் தெரியும்.

அதை எடுப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. பிளாஸ்டிக் பிளேடால் சுரண்ட வேண்டும். இரும்பு பிளேடு ஜெல்கோட்டைக் கீறிவிடும். பிறகு சிலிக்கான் நீக்கி என்று விற்கிற திரவத்தைத் தடவி ஊறவிட்டு, மறுபடி சுரண்டி, மறுபடி துடைத்து, கடைசியில் சொரசொரப்பான நைலான் திண்டால் தேய்க்க வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க நான் நம்புவது ஒரு தண்ணீர்ச் சோதனை. துடைத்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். ஒரே தகடாக விரிந்து நின்றால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் சிலிக்கான் இன்னும் இருக்கிறது, திரும்பவும் தேய்க்க வேண்டும். எங்கள் வண்டியில் பக்கவாட்டு ஜன்னலைச் சுற்றி அந்த முத்துகள் அடங்க எத்தனையோ சுற்றுத் தேய்க்க வேண்டியிருந்தது. ஒருவர் ஒரு மதியத்தில் பூசியதை அடுத்தவர் வாரக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதால்தான் ஓட்டில் சிலிக்கான் வேண்டவே வேண்டாம் என்று இத்தனை வற்புறுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது நேர் எதிர்முனை. படகுக்காரர்கள் பயன்படுத்தும் பாலியூரித்தேன், குறிப்பாக 3எம் நிறுவனத்தின் 5200. காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகுகிற சீலன்ட் இது. முழுதாக இறுக ஐந்து முதல் ஏழு நாள். இறுகிய பிறகு அது சீலன்ட் என்பதைவிடப் பசை. ஒட்டியதைப் பிரிக்கப் போனால் சீலன்ட் விடுவதற்கு முன் ஜெல்கோட் பிய்ந்து வரக்கூடும். படகின் நீர்மட்டத்துக்குக் கீழே, உயிர் போகிற இடத்தில், அந்தப் பிடி வேண்டும். டிரெய்லர் ஜன்னலுக்கு எதற்கு? அதே வரிசையில் 4200 என்று ஒன்று உண்டு. பிடி பாதிக்கும் குறைவு, கழற்ற முடியும். சிக்காஃப்ளெக்ஸ் 221 இன்னொரு பாலியூரித்தேன். உலோகமும் ஃபைபர்கிளாஸும் சந்திக்கிற சின்ன இடங்களில், ரிவெட்டுக்கு, போல்ட்டுக்கு, இவை நன்றாக வேலை செய்கின்றன. பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போவதில்லை. அக்ரிலிக், பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். எல்லாவற்றுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. படகுக்காரர்களின் இன்னொரு பழைய நண்பனான பாலிசல்ஃபைடு இந்த பிளாஸ்டிக்குகளை அரித்தே விடும். கூரை வென்ட்டின் விளிம்பு பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்பதால் இதை மறக்கக் கூடாது.

மிச்சமிருப்பது பியூட்டைல் டேப். பார்க்க ஒன்றுமேயில்லை: முக்கால் அங்குல அகலம், எட்டில் ஒரு பங்கு அங்குலத் தடிமன், காகிதத்தோடு சுருட்டிய சாம்பல் நிறக் களிம்புப் பட்டை. இது இறுகுவதே கிடையாது. பல வருஷம் கழித்துத் திறந்தாலும் பிசின் மாதிரி இழுபடும். ஓடு ஒரு பக்கம், ஜன்னல் சட்டம் ஒரு பக்கம், நடுவில் அழுத்தி வைத்தால், இரண்டும் எவ்வளவு அசைந்தாலும் கூடவே இழுபட்டுக் கொடுக்கும். கழற்ற வேண்டிய நாளில் திருகுகளை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கத்தியை உள்ளே விட்டு மெதுவாக நெம்பினால் வந்துவிடும். மிச்சத்தை அதே பியூட்டைல் உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுத்து, கடைசிக் கறையை மினரல் ஸ்பிரிட்ஸ் என்ற பெயின்ட் கரைப்பானால் துடைக்கலாம். ஓட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அதே அலமாரியில் அதே நிறத்தில் அதே சுருளாக ‘புட்டி டேப்’ என்று ஒன்றை விலை குறைவாக விற்பார்கள். அது எண்ணெய் கலந்த களிமண் வகை. எண்ணெய் வற்றியதும் காய்ந்து வெடிக்கும். வாங்கும் முன்னால் ஒரு துண்டைப் பிய்த்து இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். பியூட்டைல் மெலிந்து மெலிந்து நூலாகும், அறவே அறாது. புட்டி அரை அங்குலம் வருவதற்குள் பொட்டென்று முறியும்.

அசைவு அசைவு என்கிறேனே, எவ்வளவு அசைவு? மினசோட்டாவில் ஜனவரியில் −30 டிகிரி செல்சியஸ் பார்க்கலாம். கோடை வெயிலில் கூரை 50-ஐ எளிதாகத் தொடும். 80 டிகிரி வித்தியாசம். 14 அங்குல ஏ.பி.எஸ். வென்ட் விளிம்பு இந்த இடைவெளியில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீண்டு சுருங்கும். அதற்கு அடியிலுள்ள ஃபைபர்கிளாஸ் அதில் மூன்றில் ஒரு பங்குகூட அசையாது. ஆக இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் இழுபறி, வருஷா வருஷம். மெல்லிய, இறுகிய எந்தப் பட்டையும் இதில் ஒரு நாள் கிழியும். இடையில் புகுந்த தண்ணீர் உறைந்தால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பருமன் கூடி, திறந்த வாயை இன்னும் அகட்டும். பியூட்டைல் தடிமனாக இருக்க வேண்டும், திருகை முறுக்கி எல்லாவற்றையும் வெளியே பிதுக்கிவிடக் கூடாது என்பதெல்லாம் இதற்காகத்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. சீலன்ட்டின் இடம் இரண்டு பொருளுக்கும் நடுவில். வெளியே ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்துவிட்டு ‘அடைத்தாயிற்று’ என்பது, உள்ளே அழுகுவதை வெளியே தெரியாமல் மறைப்பதுதான். மேலே ஒரு இடத்தில் நுழைந்த தண்ணீர் கீழே வெளியேற வழியில்லாமல் நின்று தரைப் பலகையைத் தின்னும். எங்கள் வண்டியில் கதவுப் பக்கத் தரையை ஸ்குரூடிரைவர் முனையால் குத்தியபோது பிளைவுட் ரொட்டி மாதிரி உள்வாங்கியது. மேலே சீலன்ட் பளபளவென்றுதான் இருந்தது.

ஜன்னலைக் கழற்றி மாட்டும் முறையை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலான பக்க ஜன்னல்களில் வெளிச்சட்டம் ஒன்று, உட்சட்டம் ஒன்று. இரண்டையும் திருகுகள் இறுக்க, ஓடு நடுவில் கவ்வப்படும். உட்சட்டத் திருகுகளை எடுத்துவிட்டு வெளியிலிருந்து தாங்கிப் பிடித்து ஜன்னலை இறக்க வேண்டும். பழையதையெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும், முதலில் மினரல் ஸ்பிரிட்ஸ், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஓட்டில் கை வைத்துத் தேய்த்தால் வெள்ளைப் பொடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஜெல்கோட் வெயிலில் மக்கியிருக்கிறது. அந்தப் பொடியைத் தேய்த்து எடுக்காமல் ஒட்டினால் டேப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், ஓட்டில் ஒட்டாது. பிறகு வெளிச்சட்ட விளிம்பில் பியூட்டைலைச் சுற்றி ஒட்டி, முனைகள் சேரும் இடம் ஜன்னலின் அடியில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தலைப்பக்கம் வரவே கூடாது. சட்டம் தட்டை, ஓடு வளைவு. ஆகவே மூலைகளில் இடைவெளி அதிகம். அங்கே இரண்டு அடுக்கு. திருகுகளைக் கையால், எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. டிரில் வேண்டாம். சுற்றிலும் மெல்லிய கோடாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று வெயில் நாள் போகட்டும். சூட்டில் பியூட்டைல் இளகி இடம் பிடித்திருக்கும். அப்போது இன்னும் அரைச் சுற்று. பிறகு பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவி எடுத்தால் வேலை முடிந்தது.

ஒரு இடத்தை மட்டும் அடைக்கவே கூடாது. வெளிச்சட்டத்தின் அடியில் ஓரிரண்டு சின்னப் பிளவுகள் இருக்கும். நகரும் கண்ணாடியின் தடத்தில் மழைநீர் இறங்கத்தான் செய்யும். அது அந்தப் பிளவுகள் வழியாக வெளியே போக வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஓட்டையாகத் தெரியும், கை பரபரக்கும், அடைத்துவிடுவார்கள். அப்புறம் தடம் நிரம்பி, தண்ணீர் உட்பக்கம் வழிந்து மெத்தையில் இறங்கும். ஜன்னல் ஒழுகுகிறது என்றால் நான் முதலில் தேடுவது அடைபட்ட இந்தப் பிளவைத்தான். ஊசியை விட்டுக் குத்தி அழுக்கை எடுத்தாலே பல ஜன்னல்கள் சரியாகிவிடுகின்றன. ரப்பர் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பக்கக் கண்ணாடி வேறு கதை. அந்த ரப்பர் காய்ந்து சுருங்கினால் ரப்பரைத்தான் மாற்ற வேண்டும். அதற்குள் சீலன்ட் ஏற்றுவதில் அர்த்தமில்லை.

ரிவெட்டுக்கு நான் செய்வது இது. பழையதைத் துளையிட்டு எடுத்துவிட்டு, துளையின் வாயைக் கொஞ்சம் சரிவாக அகட்டுகிறேன், படகுக்காரர்கள் செய்வது போல. அந்தச் சரிவுக்குள் சீலன்ட் தங்கி, தண்டைச் சுற்றி வளையமாக நிற்கும். அடி மூடிய ரிவெட் என்று ஒரு வகை கிடைக்கிறது, அதில் நடுக்குழாய் மறுபக்கம் திறக்காது. அதை 4200 வகையில் தோய்த்து அடித்தால் அந்த இடத்தைப் பற்றி நீண்ட காலம் கவலையில்லை. பாரம் தாங்கும் அலமாரி என்றால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலான் வளையம் வைத்த நட்டும்.

கூரை வென்ட்டுக்கு அடியில் பியூட்டைல், அதற்கு மேல் திருகுத் தலைகளை மூட டைக்கார் லேப் சீலன்ட். இதில் தானாகப் பரவி மட்டமாகிற வகை, வழியாமல் நிற்கிற வகை என்று இரண்டு உண்டு. தட்டைக் கூரைக்காரர்கள் முதலாவதை வாங்குவார்கள். நம் கூரை வளைவு. அது வழிந்து ஜன்னல் வரை வந்துவிடும், இரண்டாவதே பொருந்தும். இந்த மேல்பூச்சு வெயிலை வாங்கிக்கொள்ளும் குடை மட்டுமே, வேலை செய்வது அடியிலுள்ள பியூட்டைல். வண்டியை நிறுத்தும்போது முன்பக்க ஜாக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் கூரையில் தண்ணீர் தேங்காமல் பின்னால் வடிந்துவிடும். செலவில்லாத காரியம்.

இடுப்பு இணைப்பில் விரிசல் என்றால் அது சீலன்ட் வேலையே அல்ல. தேய்த்து, கண்ணாடியிழைத் துணி வைத்து, ரெசின் ஊற்றிச் செய்ய வேண்டிய ஃபைபர்கிளாஸ் வேலை. ஜெல்கோட்டில் சிலந்தி வலை மாதிரி தெரியும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் மேலோட்டமானவை. உள்ளே தண்ணீர் விடுவதில்லை. சந்தேகம் இருந்தால் கேப்டன் டோலி என்ற பெயரில் வரும் பால் போன்ற திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடலாம். அது தானாகவே விரிசலுக்குள் இழுபட்டுப் போய்க் காயும்; இனி இழுக்கவில்லை என்னும்வரை விட்டுவிட்டு மறுபடி விட வேண்டும்.

எட்டர்னாபாண்ட் போன்ற கூரை டேப்பைப் பலர் புகழ்கிறார்கள். கிழிந்த ரப்பர் கூரைக்கு அது உயிர்காப்பு, ஒட்டினால் ஒட்டியதுதான். அந்தக் காரணத்தாலேயே ஃபைபர்கிளாஸில் அதைப் போட எனக்கு மனசு வராது. சாலையில், நடு மழையில், மரக்கிளை விழுந்து வென்ட் மூடி உடைந்தால்? அப்போது சாதாரண அலுமினிய டேப்பே வீடு வரை போதும். வீட்டுக்கு வந்ததும் உரித்துவிட்டு ஒழுங்காகச் செய்யலாம்.

செய்த வேலையை எழுதி வைக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அலமாரிக் கதவின் உட்புறம் மார்க்கரால் எந்த இடத்தில் எதைப் போட்டேன், எந்த வருஷம் என்று எழுதியிருக்கிறேன். வண்டி கை மாறும்போது வாங்குகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள காகிதம் எதுவும் கிடைக்காது. எங்களுக்கு முன் இருந்தவர் ஒரு வரி எழுதியிருந்தால்கூட, எந்த ஜன்னலில் சிலிக்கான், எதில் இல்லை என்று தெரிந்து வேலையைத் தொடங்கியிருப்போம்.

சமீபத்தில் ராச்செஸ்டரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். பழைய 13 அடி வண்டி வாங்கியிருக்கிறார், மழைக்கு முன் அடைத்துவிட வேண்டும் என்ற அவசரம். “அண்ணா, ஒரே டியூப்ல எல்லாத்துக்கும் ஆகற மாதிரி ஏதாவது சொல்லுங்க.” அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டு, பியூட்டைல் டேப் இரண்டு சுருள், 4200 வகையில் சின்ன டியூப் ஒன்று, வழியாத லேப் சீலன்ட் ஒன்று, பிளாஸ்டிக் பிளேடு ஒரு பெட்டி, மினரல் ஸ்பிரிட்ஸ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பருத்தித் துணி நிறைய என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெரிய டியூப் வேண்டாம். பாலியூரித்தேன் திறந்த பிறகு டியூபுக்குள்ளேயே இறுகிவிடும். முதலில் கூரை வென்ட், அதன் பிறகு மழை பெய்கிற பக்கத்து ஜன்னல், ஒரு வார இறுதிக்கு ஒன்று மட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, சாயங்காலம் இடி இடித்தால் ஓடக்கூடாது. அதுவரை பெரிய தார்ப்பாய் ஒன்றைப் போட்டு, காற்று புக இடம் விட்டுக் கட்டி வைக்கச் சொன்னேன்.